ஸ்டூலும் ஸ்கேனரும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலையிடத்தைப் பற்றியவை. பெயரைப் போட வேண்டாம் என்று பலர் அடிக்கோடிட்டுக் கேட்டிருப்பதால், எல்லோருக்குமே ஊரையும் தொழிலையும் மட்டும் தந்திருக்கிறேன்.

துணிக்கடை ஊழியர், மதுரை: ஐயா, எங்கள் கடையில் தளத்துக்கு இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு, "அங்கே வேலை இல்லையா?" என்று சூப்பர்வைசருக்கு போன் வந்துவிடுகிறது. உட்காரும் உரிமை என்று சட்டம் வந்ததாகச் சொன்னார்களே, அது எங்களுக்கு உண்டா, இல்லையா?

உண்டு. 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அந்த உரிமை சேர்க்கப்பட்டது. வேலை நேரம் முழுவதும் காலில் நின்றபடியே இருக்கும் நிலையைத் தவிர்க்க, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு ஏற்ற இருக்கை வசதி ஊழியர்கள் அனைவருக்கும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 'அனைவருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தளத்துக்கு இரண்டு என்பது ஆய்வுக்கு வருகிறவருக்குக் காட்டுவதற்கான ஸ்டூல். நமக்கு முன்பே 2018இல் கேரளம் இதைச் செய்தது. அங்கும் அது அரசுக்குத் தானாகத் தோன்றிய யோசனை இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் கழிப்பறைக்கும் இருக்கைக்குமாகப் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது.

உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் அந்தக் கேமரா. சட்டம் எழுதியவர்கள் ஸ்டூல் இல்லாத கடையை மனத்தில் வைத்து எழுதினார்கள். ஸ்டூலைப் போட்டுவிட்டு அதில் உட்காருகிறவரைத் திரையில் எண்ணிக்கொண்டிருக்கும் கடை அவர்கள் கற்பனைக்கு எட்டவில்லை. சேலை திருடு போகாமலிருக்க மாட்டிய கருவி உங்கள் முழங்காலைக் காவல் காக்கிறது. தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு எழுதுங்கள். தனியாக எழுத வேண்டாம். தளத்தில் இருக்கும் பத்துப் பேரும் ஒரே தாளில் கையெழுத்திடுங்கள்.

உணவு டெலிவரி செய்பவர், கோவை: நான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சாப்பாடு வந்து சேரவில்லை என்று ஒரு கஸ்டமர் புகார் செய்ததால் சென்ற மாதம் என் ஐடியை பிளாக் செய்துவிட்டார்கள். நான் கொடுத்ததற்கு போட்டோ இருக்கிறது. ஆப்பில் உதவி கேட்டால் இயந்திரம்தான் பதில் சொல்கிறது. நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு மளிகைக்கடைப் பையனை வேலையை விட்டு நிறுத்தினால்கூட அவன் வாசலில் வந்து நின்று "ஏன் அண்ணாச்சி?" என்று கேட்க முடியும், உங்களுக்கு அந்த வாசல் இல்லை. உங்களைத் தொழிலாளி என்று சொல்லாமல் 'பார்ட்னர்' என்று அழைப்பதன் பயன் இதுதான். பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு இருக்க வேண்டும், கணக்கைப் பார்க்கும் உரிமை இருக்க வேண்டும். உங்களுக்கோ ஒரு ஆர்டருக்கு எவ்வளவு என்ற கணக்குக்கூட மாதத்துக்கு ஒரு விதமாக மாறுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், பாதி வழியில் நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோடு சேர்ந்து 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முதல் மத்தியச் சட்டம் அது. நிறுவனம் தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை, உங்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே உங்களை வரையறுக்கிறது. விபத்துக்கும் முதுமைக்கும் நிதியிலிருந்து ஏதாவது வரலாம். ஐடியை முடக்கினால் காரணம் கேட்கும் உரிமை அதில் இல்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் உங்களுக்கென நலவாரியம் அமைக்கப்பட்டிருக்கிறது. சென்னையில் குளிரூட்டிய ஓய்வறைகளும் திறந்தார்கள். வெயிலில் அலைகிறவருக்கு ஓய்வறை நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

பக்கத்து மாநிலத்தில் கொஞ்சம் கிடைக்கும். கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டத்தின்படி, எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஒருவரை நீக்கக் கூடாது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னபோது, ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க மறுத்துவிட்டது. அந்தத் தாளை எழுதியதே ஒரு தரப்புதானே என்பது அதன் நியாயம். கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள், சவாரியை மறுத்தால் யார் தண்டிக்கிறார்கள் என்று பார்த்து, இவர்கள் தொழிலாளர்களே என்றது. அதே இரண்டு கேள்விகளைப் பீளமேட்டில் நின்று கேட்டால் விடை வேறாக இருக்குமா?

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: புகைப்படம், ஆர்டர் எண், நேரம், முடக்கியதாக வந்த செய்தி ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளை வேறொரு போனிலும் சேமித்துவிட்டு, நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுத்துபூர்வமாக முறையிடுங்கள். நலவாரியத்திலும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் டெலிவரி ஊழியர் சங்கம் இருந்தால் அதன் வழியாக அந்த மின்னஞ்சலின் நகலைத் தொழிலாளர் துறைக்கும் அனுப்புங்கள். ஐடி திரும்பக் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்: வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்கிறார் ஒரு பெரியவர், 90 என்கிறார் இன்னொருவர். நாடு முன்னேற வேண்டாமா என்று என் மேலாளர் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

உங்கள் மேலாளருக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்லுங்கள். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று விதித்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனிப் பிரிவு ஒன்று எழுதி வாரத்துக்கு 60 மணி என்று தளர்த்தியது. அடிமை நாட்டுக்கு அன்று தந்த சலுகையே 60 மணிதான். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி சொன்ன 70ம், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் சொன்ன 90ம் அதைத் தாண்டிப் போகின்றன. வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் பின்னவர் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

ஆட்சியாளர்களும் இந்த ஆசைக்கு விலக்கில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில், தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. வார வரம்பு 48 மணியாகவே இருக்கும், நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று விளக்கம் தந்தார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1923இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். சரியாக நூறாண்டு கழித்து அதே நகரத்தில் எட்டு மணி நேரத்துக்காக மறுபடியும் வாதாட வேண்டியிருந்தது.

இல்லத்தரசி, காஞ்சிபுரம்: என் மகன் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். சங்கத்தில் சேரப்போவதாகச் சொல்கிறான். சங்கம் வைத்தால் கம்பெனி ஊரை விட்டுப் போய்விடும், நோக்கியா போனது மறந்துபோச்சா என்று அவன் அப்பா திட்டுகிறார். வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் யார் பக்கம்?

அம்மா, உங்கள் கணவரின் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடியபோது அந்தப் பகுதியில் வாடகை வீடுகள் காலியானதையும், ஷிப்டு பஸ்கள் நின்றதையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது ஏன் மூடியது என்பதில் அவர் சொல்வது சரியில்லை. 2006இல் திறந்த அந்த ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வருமான வரித் துறையோடும் மாநில அரசோடும் இருந்த வரி வழக்குகளால், நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்கப்பட்டபோது இந்த ஆலையை அதில் சேர்க்க முடியவில்லை. தனித்து விடப்பட்ட ஆலைக்கு ஆர்டர் வருவது நின்றது. அதே வளாகத்தில் பின்னர் சால்காம்ப் வந்து சார்ஜர் செய்தது. மறைமலைநகர் ஃபோர்டு 2021இல் வெளியேறுவதாக அறிவித்தபோது, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று நிறுவனமே காரணம் சொன்னது. சங்கத்தால் போனோம் என்று இருவருமே சொல்லவில்லை.

சாம்சங்கையும் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அக்டோபர் 15 வரை 37 நாள் நீடித்தது. பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச நிறுவனம் தயாராகவே இருந்தது. இடறியது சங்கத்தின் பதிவில். சாம்சங் என்ற பெயரைச் சங்கத்தின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்பது நிறுவனத்தின் ஆட்சேபம். சட்டையில் அந்தப் பெயரைத் தைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்கலாம், சங்கப் பலகையில் எழுதக் கூடாது! வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடுதான் சங்கம் பதிவானது. அந்த நிறுவனத்தின் சொந்த நாடான தென்கொரியாவிலேயே, சங்கமே கூடாது என்ற பழைய கொள்கையைக் கைவிடுவதாக 2020 மே மாதம் அதன் வாரிசு லீ ஜே-யோங் பொதுவெளியில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டிருந்தார். இத்தனைக்குப் பிறகும் சுங்குவார்சத்திரம் ஆலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

சங்கம் என்பதே நம் ஊருக்குப் புதிதுமல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கொள்ளப்படுகிறது. நிறுவனம் நீதிமன்றம் போனது; சங்கத் தலைவர்கள் மேல் தடையும் நஷ்டஈடும் விழுந்தன. தொழிலாளர் கூடிப் பேசுவதே குற்றமாகிவிடும் என்ற அந்த அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது.

நான் உங்கள் மகன் பக்கம். எந்தச் சங்கம், யார் நடத்துகிறார்கள், சந்தா கணக்கைக் காட்டுகிறார்களா என்பதை மட்டும் சேருவதற்கு முன் விசாரிக்கச் சொல்லுங்கள். கம்பெனிக் கணக்கைக் கேட்கிறவர்கள் தங்கள் கணக்கையும் காட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: தேர்தல் பத்திரத்தில் எல்லாக் கட்சிகளும்தானே பணம் வாங்கின? நன்கொடை கொடுப்பது குற்றமா? இதை ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்?

எல்லாக் கட்சிகளும் வாங்கவில்லை. இடதுசாரிக் கட்சிகள் வாங்கவில்லை, மார்க்சிஸ்ட் கட்சி அதை எதிர்த்து வழக்கே தொடுத்தது. நன்கொடை குற்றமில்லை என்பது சரி. வங்கியில் பத்திரம் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் இந்தத் திட்டத்தில் இருந்த கோளாறு வேறு. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் அதற்கு வழி செய்தபோது, ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பையும் கூடவே நீக்கினார்கள். லாபமே இல்லாத நிறுவனமும் கொடுக்கலாம் என்றால் அந்தப் பணம் யாருடையது என்று கேட்கத் தோன்றாதா? கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரியாது. பத்திரத்தை விற்றதோ அரசு வங்கி. பத்திரத்தின் மேல், புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் எண் ஒன்று வேறு இருந்தது.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமித்து அதை ரத்து செய்தபோது அடுத்த கூத்து தொடங்கியது. யார் வாங்கினார்கள், யாருக்குப் போனது என்ற விவரத்தைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. ஐம்பது ரூபாய் குறைந்தாலும் நள்ளிரவில் குறுஞ்செய்தி அனுப்புகிற வங்கி அது! மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரம் தேர்தல் ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பு இல்லாத வேகம் ஒரே இரவில் எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

வெளிவந்த பட்டியலில் மிக அதிகமாகப் பத்திரம் வாங்கியது, 1,368 கோடி ரூபாய்க்கு, நம் கோவையைச் சேர்ந்த ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆனாலும் தி.மு.க. பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. மத்தியில் ஆளும் பா.ஜ.க.வுக்கு, வெளியான காலக்கணக்கில் மட்டும் 6,000 கோடிக்கு மேல். உங்கள் கட்சி எது என்று எனக்குத் தெரியாது, ஐயா. எதுவாக இருந்தாலும் பட்டியலில் ஒருமுறை தேடிப் பாருங்கள். 7.5 சதவீத வரம்பு அந்தத் தீர்ப்போடு திரும்ப வந்துவிட்டது, ஆனால் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாக நிறுவனப் பணம் கட்சிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் இன்னும் பேசுகிறேன்.

மளிகைக்கடைக்காரர், திண்டுக்கல்: ஸ்கேனர் அட்டையை இலவசம் என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். பிறகு, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை பிடிக்கிறார்கள். நாளைக்கு ஒவ்வொரு வரவுக்கும் கமிஷன் கேட்டால் என்ன செய்வது?

இன்று கேட்க முடியாது: 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் யுபிஐ வரவுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது விதி. நாளை பற்றிய உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. பாதை பொதுப் பாதை, 2016இல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் போட்டது. அதில் ஓடும் வண்டிகளில் பத்துக்கு எட்டு, வால்மார்ட்டுக்குப் பெரும்பங்கு உள்ள போன்பேயும் கூகுள் பேயும்தான். எந்தச் செயலியும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020இலேயே சுற்றறிக்கை விட்டார்கள். காலக்கெடு 2022 முடிவிலிருந்து 2024 முடிவுக்கும், அங்கிருந்து 2026 முடிவுக்கும் நகர்ந்தது. உங்கள் வங்கியிலேயே நேரடியாக ஒரு க்யூஆர் அட்டை வாங்கி அதையும் கல்லாவில் வையுங்கள். பெட்டி தனி ஒப்பந்தம். வேண்டாம் என்றால் எழுதிக்கொடுத்துத் திருப்பிவிடலாம்.

டிடிபி ஆபரேட்டர், சிவகாசி: செயற்கை நுண்ணறிவு என் வேலையைப் பறித்துவிடுமா?

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் பதினொரு கம்பாசிட்டர்கள் ஈய எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது இரண்டு பேருக்குத்தான் அதைப் பழகிக் கொடுத்தார்கள். மற்றவர்களில் ஒருவர் பிறகு அதே அச்சகத்துக்கு இரவுக் காவலாளியாக வந்தார். தலைகீழாக இருக்கும் எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவர். ஒன்பது பேருக்கும் பழக்கியிருக்க முடியாதா என்று அன்று யாரும் முதலாளியைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, காரணம் செயற்கை நுண்ணறிவு இல்லை, திறன் பொருத்தமின்மை என்றது. திறனைக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு என்று உங்கள் முதலாளியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருச்சி: பெரிய கம்பெனிகளின் அதிகாரத்தைப் பற்றி இதழ்தோறும் எழுதுகிறீர்கள். உங்கள் பத்திரிகையின் பின்னட்டையில் யாருடைய விளம்பரம் வருகிறது என்று என்றாவது பார்த்ததுண்டா?

பார்த்ததுண்டு. இந்த இதழில் ஒரு பட்டு மாளிகை. நீங்கள் கொடுக்கும் விலையில் காகிதச் செலவே முழுதாகத் தேறாது, மீதி அந்தப் பின்னட்டையிலிருந்து வருகிறது. விளம்பரப் பிரிவிலிருந்து யாரும் இதை எழுதாதே என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை. முதல் கடிதத்தை எழுதிய மதுரைக்காரர் தன் பெயரை மறைக்கச் சொன்னாரே தவிர, கடையின் பெயரை மறைக்கச் சொல்லவில்லை. அதை அடித்தது நான். கடையின் பெயரைப் போட்டால் எழுதியவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று காரணம் சொல்லித்தான் ஆசிரியருக்கு அனுப்பினேன். அந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் அது என் மனத்தில் இரண்டாவதாகத் தோன்றிய காரணம்.